மயில் கை

இன்று காலை திருத்தணியில் ரயில் ஏறியதும் சந்தன வாசனை. எதிரே, அம்மா மடியில், மொட்டை போட்ட ஒரு குழந்தை. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்து வாசலில் போய் நின்றேன். நீயும் நானும் தினமும் சென்னை ஆஸ்பத்திரிக்கு நின்றுகொண்டே போன அதே வாசல். நீ குழந்தைகள் வார்டில் நர்ஸ், நான் கீழே லேபில்.

ஒருநாள் உன் வார்டுக்கு வந்த அந்தச் சிறுமியும் தலையில் சந்தனத்தோடுதான் வந்தாள். மலையிறங்கும்போதே காய்ச்சல், ரத்தத்தில் கிருமி. அவளுக்குக் கொடுத்த மருந்து குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் சிறுநீரகம் கெடும். அதனால் அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் எவ்வளவு மருந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தால் எக்கச்சக்கம். டாக்டர் டோஸைக் குறைக்கப் போகிறார். காய்ச்சலோ இறங்கவே இல்லை. எனக்கு எங்கேயோ உதைத்தது, மாடிக்கு உன்னிடம் ஓடி வந்தேன்.

"எந்தக் கையில எடுத்த?"

"மருந்து ஏறுற குழாய்லதான். மறுபடி குத்தாதீங்கன்னு அவங்கம்மா அழுதுகினு இருந்தாங்க மச்சான்."

"அப்ப நீ அனுப்புனது குழாய்ல ஒட்டிகினு இருந்த மருந்து. உன் இரக்கத்தக் கொண்டுபோய் உண்டியல்ல போடு."

நீ நேரே டாக்டரிடம் போய், "தப்பா எடுத்துட்டேன் சார், குறைக்காதீங்க" என்றாய். மறு கையில் குத்தி எடுத்தாய். மருந்து போதவே இல்லை என்று தெரிந்தது. டோஸைக் கூட்டினார்கள், பிழைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும், மருந்து ஏறாத கையில் பேனாவால் மயில் வரைந்தாய். ரத்தம் மயில் கையில் மட்டும்தான். உன் மயில் கோழி மாதிரி இருக்கும்.

"முருகன் பாத்தா எறங்கி நடந்தே போயிடுவாரு" என்றேன்.

"ஆங், உன் மூஞ்சப் பாத்தா ஊரையே காலி பண்ணிடுவாரு."

கனகம்மாசத்திரம் ரோட்டில் உன் பைக்கை லாரி அடித்த அன்று, அங்கேயே போய்விட்டாய்; அளந்து பார்க்க எனக்கு எதுவுமே வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மதியம் ஒரு பையனின் ரத்தத்தில் மருந்து ஏகத்துக்கு இருந்தது. வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது புது நர்ஸ். உன்னைப் பார்த்ததே இல்லாத பெண்.

"எந்தக் கை?"

"மயில் கையிலதாங்க சார். நான்தான் வரைஞ்சேன்."

"மயில் மாதிரி இருக்கா?"

"கோழி மாதிரிதான் இருக்குதுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் வரையிறாங்க."

போனை வைத்தேன். இந்த அளவை நம்பலாம் என்று டாக்டரிடம் சொன்னேன்.