தடுப்பை உதைத்தவள்

செவ்வாய், ஆகஸ்ட் 10

காலையிலேயே சாரல். ஜீப் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டோடு நின்றது. கொரோனாவாம், இன்றிலிருந்து பாஸ் இல்லாமல் கேரளாவுக்குள் போக முடியாதாம். ஏலக்காய் எடுக்கப் போகிற நாங்கள் நாற்பது பேரும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். முதலில் உட்கார்ந்தது கிரேஸி அக்கா. அவர் அம்மா அந்தப் பக்கம் எஸ்டேட் லயத்து வீட்டில் படுத்த படுக்கை. மத்தியானக் கஞ்சி அக்கா போய்க் கொடுத்தால்தான்.

"எங்கம்மாவப் பாக்க எதுக்குய்யா பாஸு?"

போலீஸ்காரர் சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம், எழுந்து போய்த் தடுப்பை ஒரே உதை. சாய்ந்தது. எல்லோரும் கைதட்டல்.

கால் கட்டைவிரல் வீக்கம். சோப்பு வாங்க மறந்தாச்சு.

புதன்

மழை. எஸ்டேட் மானேஜர் செக்போஸ்ட்டுக்கே வந்து பாஸுக்குப் பேர் எழுதினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாரோ எடுத்த வீடியோவைப் போனில் காட்டினார். தடுப்பை உதைக்கிறவளின் முதுகு மட்டும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் பிளாஸ்டிக் தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

"இது ஆரு? இவளுக்கு மட்டும் பாஸ் கிடையாது. நீ எடை எழுதுறவளல்லே, எல்லாரையும் தெரியுமே?"

"கிரேஸி அக்கா மாதிரி இருக்கு சார்."

வாய் தவறி வந்ததில்லை. முதலில் உட்கார்ந்தவர் அக்காதானே, அவர் பேரைச் சொன்னால் மானேஜர் நம்புவார் என்று யோசித்துத்தான் சொன்னேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

வெள்ளி

பாஸ் வந்தது. எனக்கு உண்டு. அக்காவுக்கு இல்லை. மத்தியானம் அந்த அம்மாவுக்கு நான்தான் கஞ்சி கொடுத்தேன்.

"எம்மவ எங்கத்தா?"

நாளைக்கு வருவாங்க என்றேன். பாதிக்கு மேல் குடிக்கவில்லை.

ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன். செபம் சொல்ல உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு கிரேஸி அக்கா, கையில் வெள்ளைத்தாள். மானேஜருக்கு மனு எழுதணுமாம்.

"எவளோ எம்பேரச் சொல்லிட்டா. ஒன் எழுத்துத்தான் அழகா இருக்கும், எழுதுத்தா."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஐயா, தடுப்பை உதைத்தது நான் இல்லை.' அதோடு பேனா ஓடவில்லை.

"பெறகு யாருன்னு கேப்பாரேக்கா."

"தெரியாதுன்னு எழுது. ஒம்பேர் வந்துறக் கூடாது. நீயும் வெளிய நின்னா எங்கம்மாவுக்கு யாரு கஞ்சி குடுப்பா?"

தெரியாது என்றே எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டார்.