செவ்வாய்க்கு ஒரு சைக்கிள்

நோர்வூட்
ஜூன் 3

அன்புள்ள தர்ஷன் அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதீங்க. பகலில் போன் வந்தால் உங்க மகன் என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. லயத்து வரிசை வீட்டில் மெதுவாகப் பேசினாலும் அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால் அவன் தூங்கினதும் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

முதலில் அவன் கேள்வி. செவ்வாய்க் கிரகத்தில் ஓட்ட எந்தச் சைக்கிள் சரிவரும்? சைக்கிள் கடையில் வேலை செய்யும் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா என்கிறான். "நம்ம தோட்டத்துலயே யாரும் சைக்கிள் ஓட்டல, அங்க எதுக்குடா?" என்றேன். "இங்க பூரா ஏத்தம்மா. அங்க எல்லாமே பாரம் கொறைவு. நான் இங்க இருவத்தி நாலு கிலோ, அங்க போனா ஒம்பதுதான்" என்றான். பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம்.

அடுத்தது என் கவலை. அடிக்கடி விழுகிறான். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் படியில் பாதியிலேயே நின்று "தூக்குங்கம்மா" என்கிறான். எட்டு வயசுப் பிள்ளை. நேற்று தேயிலை மலையில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அவன் காலைப் பார்த்து, "அடேயப்பா, என்னா கெண்டக்கால்! மலை ஏறவே பொறந்தவன்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மனசு ஒப்பவில்லை. கண்டியில் பெரிய டாக்டரிடம் காட்டட்டுமா?

உங்கள்
வினோதா


தோஹா
ஜூன் 6

அன்பு வினோ,

நான் நல்ல சுகம். தர்ஷன் தம்பியின் கேள்வியைக் கடையில் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். பங்களாதேஷ் மெக்கானிக் மட்டும் சிரிக்காமல் யோசித்தார். அங்கே கடுங்குளிராம். நம்ம டயர் ரப்பர் கண்ணாடி மாதிரி உடைந்துபோகுமாம், அதனால் கம்பி வலையில் டயர் வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் போட்டால் உறைந்துவிடும். பாரம் குறைவு என்பதால் மிதிக்க லேசு, ஆனால் பிரேக் சட்டென்று பிடிக்காது, சறுக்கிக்கொண்டே போகும். இதெல்லாம் அவனிடம் சொல்லு.

காலுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கெண்டைக்கால் எங்க அப்பாவுடையது. சோம்பேறித்தனம், அவ்வளவுதான். நீ படித்தவள், எதையாவது வாசித்துவிட்டுப் பயப்படுவாய். அவனைத் தூக்கித் தூக்கிக் கெடுக்காதே.

அன்புடன்
ஜீவராஜ்


நோர்வூட்
ஜூன் 19

அன்புள்ள தர்ஷன் அப்பாவுக்கு,

உங்களிடம் சொல்லாமல் கண்டிக்குப் போய்வந்தேன். திட்டுவதென்றால் பிறகு திட்டுங்க, முதலில் முழுக்க வாசியுங்க.

டாக்டர் அம்மா அவனைத் தரையில் உட்காரவைத்து எழும்பச் சொன்னார். முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுவது மாதிரி எழும்பினான். வீட்டிலும் அப்படித்தான் எழும்புகிறான். விளையாட்டு என்று நினைத்திருந்தேன். டாக்டர் அம்மா அவன் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அது பலம் இல்லையாங்க. தசை அழிந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்து பெருத்திருக்கிறதாம். இரத்தம் சோதித்துவிட்டு, தசை அழிந்துகொண்டே போகும் நோய்தான் என்று உறுதியாகவே சொன்னார்கள். பத்து, பன்னிரண்டு வயசுக்குள் நடை நின்றுவிடுமாம். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், மாற்றாது. பெரும்பாலும் தாய்வழியாக வருவதாம். என்னையும் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

ஹட்டனில் பஸ் மாறி வந்து இறங்கியபோது நல்ல மழை. அவனை முதுகில் வைத்துக்கொண்டு படி ஏறினேன். காதுக்குப் பக்கத்தில், "மூச்சு வாங்குதாம்மா? அங்க போனா நான் ஒம்பது கிலோதாம்மா" என்றான்.

அதற்காகத்தான் அந்தக் கிரகத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த மாதம் பதினேழாம் தேதி தாயும் தகப்பனுமாக வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள்
வினோதா


தோஹா
ஜூலை 1

வினோ,

கடையில் வேலை அதிகம். மூன்று சைக்கிள் படம் அனுப்பியிருக்கிறேன். கம்பி வலை டயர் இல்லை, ஆனால் அகலமான டயர்தான். சிவப்பா, நீலமா, பச்சையா என்று தம்பியிடம் கேள். கார்கோவில் போட்டுவிடுகிறேன். ஓட்டினால் கால் தானாகப் பலம் பிடிக்கும்.

ஜீவராஜ்


நோர்வூட்
ஜூலை 4

அன்புள்ள தர்ஷன் அப்பாவுக்கு,

போன கடிதத்தை நீங்க பார்த்ததாக அன்றைக்கே போனில் காட்டியது. பன்னிரண்டு நாள் ஒரு சொல்லும் இல்லை. பிறகு நிறம் கேட்டு எழுதியிருக்கீங்க. உங்க மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. நம்ப முடியாமல்தான் இப்படிச் செய்றீங்க என்று விளங்குது. நானும் தினம் காலையில் அவன் எழும்பும்போது, இன்றைக்குக் கையை ஊன்றாமல் எழும்பிவிடுவான் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படங்களை அவனிடம் காட்டினேன். மூன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மூணுமே சரிவராதும்மா."

"ஏன்டா, டயரா?"

"டயர் பரவால்ல. பின்னால சீட்டு இல்ல."

"பின்னால யாரு உக்கார?"

"நான்தான். டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சுதானே. அப்பா மிதிக்கட்டும், அங்க அவருக்கும் லேசா இருக்கும். பிரேக் பிடிக்காட்டியும் அப்பா கால ஊனி நிப்பாட்டிருவாரு."

சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டான். நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

சைக்கிள் அனுப்ப வேண்டாங்க. பதினேழாம் தேதிக்கு நீங்க வர்றீங்களா, இல்லையா? அது ஒன்றை மட்டும் சீக்கிரம் எழுதுங்க.

உங்கள்
வினோதா