பாலத்தில் அடிக்கும் ஒரு மணி

அன்புள்ள என் அப்பாவுக்கு,

ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அலங்காரமாக எழுத இப்போது களைப்பாகவும் இருக்கிறது.

வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் வைத்திருந்தாலே இனித் தண்டமாம். பேப்பரில் வந்ததை அம்மாவுக்கு உரத்து வாசித்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: "சட்டம் போட்டவையின்ர வீட்டில பாத்துக்கொண்டிருக்க ஆக்கள் இல்லையோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வான் ஓடி வரும்போது, கடைசிச் சோதனைச் சாவடி தாண்டிப் புங்குடுதீவுப் பாலத்தில் ஏறியதும் வீட்டுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பீர்களே. நாங்கள் எடுக்கக் கூடாது. ஒரு மணி அடித்து நின்றால், யாரும் மறித்து வைக்கவில்லை, வருகிறேன் என்று அர்த்தம். அம்மா உடனே உலை வைப்பார். அந்த மணி கேட்கும்வரை வீட்டில் ஒருவரும் சரியாக மூச்சு விட்டதில்லை.

வானைத் திருத்தி இப்போது அண்ணா ஓடுகிறார். அதே பாலத்தில் அதே மணியை அவரும் அடிக்கிறார். இருபக்கமும் கடல். ஒரு கை போனில். உங்களிடமிருந்து இதைத்தானா அவர் பழக வேண்டும்?

போன கிழமை பாலம் முடியும் இடத்தில் பொலிஸ் மறித்தது. நானும் வானில் இருந்தேன்.

"நான் கதைக்கேல்லை சேர், மிஸ்ட் கோல் மட்டும்தான் குடுத்தனான்."

"போன் கையில இருந்ததோ இல்லையோ?"

"இருந்தது. ஆனா கதைக்கேல்லை."

பின் சீற்றிலிருந்த அக்கா ஒருவர் விடவில்லை. "தம்பி, அம்மாட்டைச் சோறு போடச் சொல்லத்தானே அடிச்சனீர்? பொலிஸ் தந்த தண்டத் துண்டையும் தொட்டுச் சாப்பிடும்!" வான் முழுவதும் சிரித்தது. அண்ணாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளும் மணி அடித்தது. அம்மா அடுப்படிக்கு எழும்பினார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கும் மணி அடிச்சதுதானே, அம்மா."

அம்மா உலை வைக்கப் போகவில்லை. அன்றைக்குப் பாலத்தில் எதிரே வந்த லொறிக்கு நீங்கள் விலக முன்னரே எங்கள் வீட்டில் மணி அடித்துவிட்டது. உலை கொதித்தது. சோறு வடித்தோம். அதன் பிறகுதான் ஆட்கள் ஓடி வந்தார்கள். நீங்கள் சுகமாக வருவதாகச் சொன்ன மணிதான் உங்களை வரவிடாமல் செய்தது. இதை அம்மா அறியாதவரா? அறிந்துகொண்டே அண்ணாவின் மணிக்கு எப்படிக் காத்திருந்தார்?

அண்ணா வந்ததும் அம்மா சொன்னார்: "தம்பி, இனிப் பாலத்தில அடிக்காதை. நீ வந்து வாசல்ல நிண்டாப் பிறகுதான் உலை வைப்பன்."

"பசி பொறுக்கேலாதணை."

"பொறு."

பின்னேரமானால் அம்மா தன் போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார். பிறகு வாசற் படலைக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறார். மணி இல்லாத அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா, அப்பா? ஆனாலும் அலுமாரிப் பக்கம் அவர் போகவில்லை.

வளர்ந்து எங்கே இருந்தாலும், வழியில் வந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் "எங்கே நிற்கிறாய்" என்று போனில் கேட்கமாட்டேன். காத்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கடைசி மகள்,
அம்மாவுக்குப் பக்கத்தில், படலையடியில் இருந்து.

வான் முற்றத்துக்குள் வந்துவிட்டது. லைற் இரண்டும் அணைந்தன.