எனக்குச் சேர வேண்டிய வாக்கியம்

இன்று விடிந்ததும் உங்கள் கைப்பேசியில் அந்தத் தியான மணி ஒலித்தது. நீங்கள் வைத்த அலாரம். அதை நீக்கிவிட மனம் வரவில்லை. நீங்கள் போன பிறகும் அது உங்களைத்தான் கூப்பிடுகிறது. கேட்டால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர் நீங்கள். முதுகு போய் சிறுவாச்சூர் வீட்டில் உட்கார்ந்தபோது, சென்னையிலிருந்து மகள் ஒரு லிங்க் அனுப்பினாள். புத்த பிக்கு ஒருவர் காலையில் தமிழிலேயே தியானம் சொல்லித் தரும் வீடியோ கூட்டம். "வலிக்கு நல்லதாம்ப்பா" என்றாள். நீங்கள் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தீர்கள்.

மெல்ல வீட்டில் சத்தம் குறைந்தது. ஒருநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது. தட்டு பறக்கும் என்று சுவரோரம் ஒதுங்கினேன். நீங்கள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, "கொஞ்சம் மோர் ஊத்து செல்வி" என்றீர்கள். சந்தோஷப்பட வேண்டியவள் நான். அழுகைதான் வந்தது. கல்யாணமானதிலிருந்து நான் கெஞ்சியும் நடக்காததைத் திரையில் வந்த ஒருவர் நடத்திவிட்டார்.

"நான் சொன்னப்பெல்லாம் கேக்கல. யாரோ சொன்னா கேக்குறீங்களே?"

"கோவப்படாதன்னு அவரு சொல்லல செல்வி. கோவம் வரப்ப அது எங்கேருந்து ஏறுதுன்னு பாக்கச் சொன்னாரு."

"அதத்தானே நான் இத்தன வருசமா பாத்துக்கிட்டு இருந்தேன்."



கூட்டம் முடியும்போது எல்லாரும் கைகூப்பி, "எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும்" என்பீர்கள். அந்தக் கூட்டத்தில் வரும் கோயம்புத்தூர் டீச்சரம்மா ஒருவர் ஏதாவது சொல்ல, மெதுவாகச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். எல்லா உயிரிலும் அடுப்படியில் நிற்கிற நானும் உண்டா என்று கேட்க வாய் வரும்; ரோஷம் விடாது.

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. கருமாதி முடிந்த மறுநாள் அவர்கள் உங்களுக்காகத் திரையில் கூடினார்கள். மகள் என்னைப் போன் முன்னால் உட்கார வைத்தாள். டீச்சரம்மாதான் பேசினார்.

"நாம காயப்படுத்துன ஒருத்தர மனசுல நெனச்சு, அவங்ககிட்ட சொல்ல வேண்டியத எங்க முன்னாடி மெதுவா வாய்விட்டுச் சொல்லிப் பாக்கற பயிற்சி ஒண்ணு உண்டுங்க அக்கா. அவரு எப்பவும் உங்களத்தானுங்க நெனப்பாரு. நேர்ல சொல்ல இன்னும் தைரியம் வரலைன்னாரு."

"என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

அவர் தயங்கிவிட்டுச் சொன்னார்: "'செல்வி, பாத்திரம் விழுந்தாகூட நீ தோள ஒடுக்கிக்கிற. அது என்னால வந்தது. இனிமே பயப்படாத.'"

திரையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்குச் சேர வேண்டியதை அவர்கள் எத்தனை காலை கேட்டிருப்பார்கள்! நான் சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்திருப்பேன்.

என்னையும் வந்து உட்காரச் சொல்கிறார்கள். அந்த முகங்களைப் பார்க்க எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதிலிருந்து டீச்சரம்மாவின் குரலைக் கழித்து, உங்கள் குரலை ஏற்றி, தினமும் மனதுக்குள் கேட்டுப் பார்க்கிறேன்.

"செல்வி" என்கிற இடம் வரைக்கும் நீங்கள் வருகிறீர்கள்; மீதியை டீச்சரம்மாதான் சொல்லி முடிக்கிறார்.