டவுட்லெஸ் என்று எழுதினாயே

அன்புள்ள கண்ணுவுக்கு,

தினமும் போனில் பேசிக்கொண்டே இப்படித் தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் நின்று நின்று ஏறுகிறார்.

என் பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டே அனுமதிச் சீட்டுதான் கொடுத்தார்கள். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்றை உன் சித்தி கேட்டாள், "அக்கா, புதுச் செருப்பே வாங்கியாச்சு, கடைசி வரிசைன்னாலும் பரவால்ல" என்று. அன்றைக்குத்தான் உன் செய்தி இங்கிலீஷில் வந்தது, ஐ வில் டவுட்லெஸ் பி தேர் என்று. அந்த வார்த்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் பதினொரு வருடமாக ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் இருக்கிறவள் நான், டாக்டர் பெயின்லெஸ் என்று எழுதினால் வலியே இல்லை என்று தெரியும். அதே மாதிரி இது சந்தேகமே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். நீ வருவதைச் சொல்லாமல் வைத்திருந்து சித்தியை ஆச்சரியப்படுத்தலாம் என்ற ஆசையில், அவளிடம் சீட்டு இல்லை என்று மட்டும் சொன்னேன்.

விழாவில் அப்பா பக்கத்து நாற்காலியில் குடையை வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் "ஆள் வருது, ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். என் பெயரைக் கூப்பிட்டபோது மேடையிலிருந்து பார்த்தேன், குடைதான் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் நீ போனில், "ஐயோ அம்மா, ஷ்யூர்னா சொன்னேன்? டவுட்லெஸ்னுதானே போட்டேன், அதுக்கு அநேகமான்னும் அர்த்தம் இருக்கு" என்றாய். மறுநாள் பெரிய டாக்டர் அறையிலிருந்த அகராதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். முதலில் ஐயமின்றி என்று போட்டு, அடுத்த வரியில் பெரும்பாலும் என்றும் போட்டிருக்கிறது. ஊகமாகச் சொல்லும்போதும் அதை எழுதுவார்களாம். அகராதி மேல் எனக்குக் கோபமில்லை கண்ணு. இரண்டாவது அர்த்தம் எனக்குத் தெரியாது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைத் தேடி எடுத்தாய், வராமல் போனால் நழுவ ஒரு சந்து வேண்டும் என்று. வரமாட்டேன் என்று எழுதியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதான்.

சித்தி அதே ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிறவள், என் பரீட்சை நாட்களில் இரண்டு வீட்டுக்கும் சமைத்தவள். நாற்காலி காலியாகக் கிடந்ததை அப்பா அவளிடம் உளறிவிட்டார். "பட்டதாரியம்மா பக்கத்துல தொடப்பக்கட்டை உக்காந்தா போட்டோ கெட்டுடும்ல" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். உனக்காக வைத்திருந்தேன் என்றேன். "இப்ப கதை கட்டாதக்கா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே போய் உன் செய்தியை எடுத்துக் காட்டினேன், அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஒன்பது நாளாக என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு. ஒன்று கேட்க வேண்டும், எழுதலாமா என்று இவ்வளவு நேரம் தயங்கினேன். சித்திக்கு நீயே போன் செய்து, "வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியது நான்தான், அம்மா இல்லை" என்று சொல்லிவிடு.

உன் அம்மா