கம்பெனி வேப்பமரத்துக்கு எந்தச் செயின்

எழில் அப்பாவுக்கு,

புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வியிடம்.

மரம் அறுக்கும் மிஷினுக்குச் செயின் விலை கேட்கச் சாத்தூர் கடைக்குப் போய்வந்தேன்.

"எண்ணூறு ரூபாய்ச் செயின் சீக்கிரம் மொட்டையாயிரும் ஆச்சி. ஆயிரத்தைந்நூறு ரூபாய்ச் செயின் வெண்ணெய் மாதிரி அறுக்கும். எங்கன அறுக்கப் போறாக?"

"தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில. வெடிமருந்து ரூமை ஒட்டி நிக்கிற வேப்பமரம்."

"பழைய வேலிக் கம்பி எதும் மரத்துக்குள்ள இருக்கா?"

"ஆமா, மரமே முழுங்கி வச்சிருக்கு."

"அப்ப ரெண்டுமே வேண்டாம் ஆச்சி. எம்புட்டு விலைச் செயினும் கம்பியில பட்டாப் பொறி பறக்கும்."

நான் எதையும் வாங்கவில்லை. "நல்ல செயின் மாட்டுனா பத்தே நிமிசம், பயந்து சாவாத" என்று காலையில் சொன்னீர்கள். முப்பது வருஷம் பட்டாசு வேலை பார்த்தவள் நான். சேலையில் குத்திய ஊக்கைக்கூடக் கழற்றிய பிறகுதான் மருந்து ரூமுக்குள் விடுவார்கள். அதன் சுவரோரம் நீங்கள் மிஷினோடு போய் நிற்கப் பார்க்கிறீர்கள்.

மிஷினில் கிடந்த பழைய செயினையும் கழற்றி எடுத்துக்கொண்டு எழில் வீட்டுக்குப் போகிறேன். ரூமிலிருந்து மருந்தை அப்புறப்படுத்திவிட்டோம் என்று கம்பெனிப் போர்மேன் என்னிடமே சொல்லட்டும், தருகிறேன்.

மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள்.

அரிவாளைத் தேட வேண்டாம். அதுவும் என் பையில்தான் இருக்கிறது.