ஹமாரேன்னா யாரு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்னைக்கு என் தம்பியைக் கூட்டிக்கிட்டு டாக்யார்டு கேட்டுக்குப் போய், செத்துப்போன எங்க வீட்டுக்காரரோட சாமானை வாங்கிட்டு வந்தேன். நேவி கப்பல்ல வெல்டிங் வேலை பார்த்தாக. கான்ட்ராக்ட்தான்.

போன வாரம் கப்பல்ல தீப்பிடிச்ச அன்னைக்கு, "ஹமாரே சப் லோக் சேஃப்"னு டிவியில ஒரு ஆபீசர் சொன்னாரு. நம்ம ஆளுங்க எல்லாரும் பத்திரம்னு எடுத்துக்கிட்டேன். பக்கத்து வீட்டு மேரி அக்காகிட்டயும் சொல்லிட்டு, எங்க வீட்டுக்காரரு வந்தா பசிக்குமேன்னு உலை வச்சேன். சோறு வடிக்கதுக்குள்ள ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துட்டு.

கேட்டுல சாமான் கொடுத்த நேவிக்காரர்கிட்ட அதைக் கேட்டேன். "டிவியில எல்லாரும் பத்திரம்னு சொன்னாங்களே, சாப்?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அண்ணி முறை வச்சு இந்தியில சொன்னாரு. "பாபி, அது நேவி ஆளுங்களச் சொன்னது. அண்ணன் கான்ட்ராக்டர் ஆளு."

நம்மன்னாலும் எங்கன்னாலும் இந்தியில ஒரே ஹமாரேதான். இத்தனை வருசம் பம்பாயில இருந்தும் எனக்கு அது உறைக்கல.

சாப்பாட்டு டப்பாவைக் கையில கொடுத்துட்டு, "உங்க மீன் குழம்பு நாங்க எல்லாரும் சாப்பிட்டிருக்கோம், பாபி"ன்னாரு.

தெனமும் ஒரு கரண்டி கூட வைன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாக. அவுக பசிக்குன்னுல்லா நான் நெனச்சேன்.

டப்பாவை யாரோ நல்லாக் கழுவி வச்சிருக்காங்க. கழுவினது நேவி ஆளா கான்ட்ராக்டர் ஆளான்னு கேக்காம வந்துட்டேன்.